லைல் போர்ஸ்மாவின் மூக்கு

லைல் போர்ஸ்மாவைப் பற்றி எங்கள் மஸ்கீகன் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அவன் மூக்கைத்தான் சொல்வார்கள். ஆளாகப் பார்த்தால் சொல்ல ஒன்றும் இல்லை. ஒல்லி, லேசான கூன், வருஷம் பூராவும் ஒரே சாம்பல் நிற ஸ்வெட்டர். கார்பெட் கடையில் விற்பனையாளன். மனைவி பிரிந்துபோய் வெகு காலம் ஆகிவிட்டது. மகள் அரிசோனாவில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் செய்வாள். அவன் வாழ்க்கை இவ்வளவுதான் என்று சொன்னால் அவனே தலையாட்டுவான்.

ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக் கராஜில் அவன் கையில் ஒரு கிளாஸ் பீரைக் கொடுத்தால் வேறு ஆள். கண்ணை மூடுவான். கிளாஸை மூக்குக்குக் கீழே கொண்டுபோய் ஒரு சுற்றுச் சுற்றுவான். அதுவரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அப்படி ஒரு சட்டத்தை யாரும் போடவில்லை, அதுவாக வந்துவிட்டது. நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஒரு பஸ் நிறையக் கத்துகிற பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற தொண்டை எனக்கு. அந்த நானே லைல் பேசும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஐந்து பேர். ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவர வேண்டும், யாரும் இதுவரை குடிக்காததாக இருந்தால் உசத்தி. நிறம் வெளிறிய பீரில் ஆரம்பித்துக் கறுப்பு பீரில் முடிப்போம். சின்னக் கிளாஸ், இரண்டு மடக்கு, அப்புறம் சண்டை. வயிறு முட்டக் குடிக்கிற கூட்டம் இல்லை இது. வாய் வலிக்கப் பேசுகிற கூட்டம்.

"எனக்கு இது பூனை மூத்திரம்," என்பான் ரெஜி. அவன் கவுன்ட்டி சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன், மனசில் பட்டதை மூடி வைக்கத் தெரியாதவன்.

"உன் வீட்டுப் பூனைய மொதல்ல வெளிய விடு. உன் மூக்குல அதான் ஏறிக் கெடக்கு," என்பாள் நெல்டா. அவளுக்குப் புளிக்கிற பீர் என்றால் உயிர். நாங்கள் முகம் சுளிப்பதை எல்லாம் அவள் கண்ணை மூடி ரசிப்பாள்.

"ரெஜி சொல்றதும் சரிதான்," என்பான் லைல், மெதுவாக. "கசப்புக்குப் போடற ஹாப்ஸ் பூ கொஞ்சம் பழசு. ஆனா அதுக்கு அடியில வெள்ளைத் திராட்சை இருக்கு. அவசரப்படாம இன்னொரு தரம் மோந்து பாருங்க."

மோந்து பார்ப்போம். திராட்சை இருக்கும். முதலிலேயே இருந்ததா, அவன் சொன்னதால் வந்ததா என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. நான் இப்போது அடிக்கடி யோசிக்கிறேன்.

எப்போதும் சரியாகச் சொல்லிவிடுவான் என்று இல்லை. ஸ்டௌட் என்கிற ஒரு கறுப்பு பீரில் காப்பிக்கொட்டை போட்டிருக்கிறார்கள் என்று அடித்துப் பேசினான். லேபிளைப் பார்த்தால் காப்பியே இல்லை. ஒரு வருஷம் அவனைக் "காப்பிக்கடை" என்றுதான் கூப்பிட்டோம். அவனும் சிரித்தான். அந்தக் காலத்தில் நன்றாகச் சிரிப்பான்.

கார்பெட் கடைக்கே வந்து அவனிடம் யோசனை கேட்பார்கள். "லைல், எம் மருமவன் சிகாகோவுல இருந்து வர்றான், என்ன வாங்கி வைக்கட்டும்?" என்று ஒரு அம்மாள் நிற்பாள். அவன் உடனே பேர் சொல்ல மாட்டான். மருமகன் காப்பியில் பால் ஊற்றிக்கொள்வானா, ரொட்டியைக் கருக விட்டுத் தின்பானா, ஆரஞ்சு ஜாமில் தோல் இருந்தால் ஒதுக்குவானா என்று கேட்பான். பதில்களைக் கேட்டுக் கொஞ்ச நேரம் மேலே பார்ப்பான். அப்புறம் ஒரே ஒரு பீரைச் சொல்வான். அந்த அம்மாள் அடுத்த வாரம் வந்து கையைப் பிடித்துக்கொள்வாள். கார்பெட் வாங்கினாளா என்றால் வாங்கியிருக்க மாட்டாள்.

ஜனவரியில் ஊரெல்லாம் ஒரு காய்ச்சல் வந்தது. லைலுக்கும் வந்தது. பத்து நாள் படுத்தான், எழுந்தான். அந்தச் சனிக்கிழமை காலையில், இங்கே கொண்டுவருவதற்கு முன் சரிபார்க்கலாம் என்று ஒரு பீர் கேனை உடைத்திருக்கிறான். மூக்கில் ஒன்றும் ஏறவில்லை. குடித்தான். குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் குமிழி, நாக்கின் பின்பக்கம் ஏதோ ஒரு கசப்பு. காப்பிப் பொடி டப்பாவைத் திறந்து முகத்தை உள்ளே விட்டான். சோப்பை மோந்தான். வினிகர் பாட்டிலைத் திறந்தான், கண்ணில் தண்ணீர் வந்தது, வாசனை வரவில்லை. வாசனை திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். இதெல்லாம் அவன் பின்னால் எனக்குச் சொன்னவை.

"அழுதியா?" என்று கேட்டேன்.

"இல்ல. கேனைக் கழுவி வெளிய வெச்சேன். அன்னிக்கு சனிக்கெழமை, நாலு மணிக்கு உங்க வீடு. ஸ்வெட்டர மாட்டிக்கிட்டு வந்துட்டேன்."

வந்தான். வழக்கம்போல உட்கார்ந்தான். கண்ணை மூடினான், கிளாஸைச் சுற்றினான், நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தோம். அவன் லேபிளைப் பார்த்திருந்தான். இத்தனை வருஷ ஞாபகம் இருந்தது. "பிஸ்கட். கொஞ்சம் தேன். முடிவுல புல்லு," என்றான். நாங்கள் மோந்தோம். பிஸ்கட் இருந்தது, தேன் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், புல்லும் இருந்தது.

அப்படியே மாதங்கள் போயின. அவன் மாறியதை நாங்கள் கவனித்தோம், கவனித்து என்ன புண்ணியம். முன்பெல்லாம் நாலு பாட்டிலில் ஒன்றையாவது "பழசாயிருச்சு" என்றோ "வெயில்ல வெச்சுக் கெடுத்திருக்கான்" என்றோ தள்ளுவான். இப்போது எதையும் தள்ளவில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது, எல்லாம் பரவாயில்லை.

"நம்ம லைல் சாமியாராயிட்டான்டா," என்றான் ரெஜி.

"வயசாயிருச்சுல்ல, மனசு கனிஞ்சுருச்சு," என்றேன் நான். முட்டாள் நான். எங்களுக்கு அந்தப் புது லைலை ரொம்பப் பிடித்திருந்தது, அதுதான் இதில் கேவலம். கார்பெட் கடையிலும் அவன் ஞாபகத்திலிருந்தே யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். ஒருவரும் குறை சொல்லி வரவில்லை.

இங்கே வெர்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெர்ன் நெல்டாவின் கணவன், எங்களில் ஐந்தாவது ஆள். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் நிற்கிறான். வீட்டில் சொந்தமாக பீர் காய்ச்சுவான். பாத்திரம், பீப்பாய், குழாய் என்று அவன் கராஜில் கார் நிற்க இடம் கிடையாது. வேலையை விட்டுவிட்டு, மூடிக் கிடக்கிற பழைய மருந்துக்கடைக் கட்டடத்தில் சின்னதாக ஒரு பீர்க்கடை போட வேண்டும் என்பது அவன் கனவு. அதற்கு வீட்டை அடமானம் வைக்க வேண்டும். நெல்டா கையெழுத்துப் போட வேண்டும். அவள் ஒரே நிபந்தனைதான் சொல்லியிருந்தாள்.

"லைல் சரின்னு சொல்லட்டும். நான் சரின்னு சொல்றேன்."

வெர்னுக்கும் அது நியாயமாகவே பட்டது. காரணம் இருக்கிறது. சிலருக்கு எல்லா வாசனையும் தெரியும், ஏதோ ஒன்று மட்டும் தெரியாது, பிறவியிலேயே அப்படி. வெர்னுக்குத் தெரியாதது வெண்ணெய். பீர் காய்ச்சுகிறவனுக்கு இதைவிடப் பெரிய சாபம் கிடையாது. அவசரப்பட்டு, புளிக்க வைக்கிற ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன்பே குளிரில் தள்ளினால் பீரில் வெண்ணெய் வாடை தங்கிவிடும். இரண்டு மூன்று நாள் சூட்டில் விட்டால் ஈஸ்டே அதைத் தின்று தீர்த்துவிடும். விட்டோமா, தீர்ந்ததா என்பதை மூக்குதான் சொல்ல வேண்டும். வெர்னின் மூக்கு சொல்லாது.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவன் தான் காய்ச்சிய லாகர் வகை பீரைக் கொண்டுவந்தான். கடையின் முதல் பீர் இதுதான் என்று பேரெல்லாம் வைத்துவிட்டான். தங்க நிறம், கண்ணாடி மாதிரித் தெளிவு. ஆளுக்கொரு கிளாஸ் ஊற்றினான்.

"லைல், உனக்குத் தெரியும் என் கதை. எனக்கு அந்த ஒண்ணு மட்டும் புடிபடாது. நீதான் பாத்துச் சொல்லணும். எம் பொண்டாட்டி மொகத்தப் பாத்துச் சொல்லு."

லைல் கண்ணை மூடினான். அன்றைக்கு வெகு நேரம் மூடியிருந்தான். அந்த நேரத்தில் அவன் சொல்லியிருக்கலாம். சொன்னால் சனிக்கிழமை போய்விடும் என்று நினைத்தானாம். சொல்லாவிட்டால் என்ன போகும் என்பதும் தெரிந்ததாம். தெரிந்தும் இரண்டில் எதுவும் தன்னைத் தொடாமல் தூரத்தில் நின்றதாம்.

"சுத்தமா இருக்கு," என்றான்.

வெர்ன் அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான். நெல்டா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் என் கிளாஸைக் குடித்தேன். வாய் முழுக்க வெண்ணெய். சினிமா தியேட்டரில் பாப்கார்ன் மேலே வாளியோடு ஊற்றுவார்களே, அந்த வெண்ணெய். ரெஜியைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? வரும்முன் வீட்டில் சீஸ் வைத்த ரொட்டி தின்றது ஞாபகம் வந்தது. ஓ, அதுதான், என் வாய்தான் சரியில்லை என்று தீர்மானித்தேன். இன்னொரு மடக்கு குடித்துவிட்டு, "அடேயப்பா, வெர்ன்!" என்று முதுகில் தட்டினேன். பீர் ஆட்கள் மட்டும்தான் செய்யக்கூடிய மடத்தனம் இது. வேறு எந்த மனுஷனும் தன் நாக்கில் இருப்பதை அடுத்தவன் மூக்கைக் கேட்டு நம்ப மாட்டான்.

வியாழக்கிழமை பாங்கில் கையெழுத்து என்று முடிவாயிற்று. வெர்ன் ஆளுக்கு இரண்டு பாட்டில் கொடுத்தனுப்பினான். திங்கட்கிழமை காலை பஸ் நடை முடிந்து வந்து ஒரு பாட்டிலைத் திறந்தேன். அன்றைக்கு ரொட்டி தின்னவில்லை, சீஸ் தின்னவில்லை, வெறும் வயிறு. வெண்ணெய்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டாவது பாட்டிலை எடுத்துக்கொண்டு லைல் வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை அவனுக்கு விடுமுறை.

அவன் கதவைத் திறந்தான். நான் இரண்டு அடி பின்னால் வந்துவிட்டேன்.

"ஐயோ! என்ன லைல் இது? உள்ள ஏதாவது செத்துக் கெடக்கா?"

"எங்க?"

"எங்கயா? வீட்டுக்குள்ளதான்! கொடலப் பொரட்டுது!"

அவன் செருப்போடு அப்படியே நின்றான். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. நான் ஸ்கார்ஃபை மூக்கில் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். சமையலறையைத் தாண்டி, சாமான் வைக்கிற அலமாரியைத் திறந்தேன். ஒரு மூட்டை உருளைக்கிழங்கு அழுகித் தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது. உருளைக்கிழங்கு அழுகினால் எப்படி நாறும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். லைல் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான்.

"ஓ," என்றான். "அதான் பக்கத்து வீட்டு அம்மா வாசல்லயே நின்னு பேசிட்டுப் போனாங்களா."

நான் திரும்பி அவனைப் பார்த்தேன். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து புரிந்தது.

"எப்பலேர்ந்து?"

"ஜனவரி. அந்தக் காய்ச்சல்."

"இது மே மாசம்!"

"ஆமா."

மூட்டையை வெளியே எறிந்து, ஜன்னலெல்லாம் திறந்து, தரையைத் தேய்த்துவிட்டுத்தான் கத்த ஆரம்பித்தேன். தேய்க்கும்போதே கொஞ்சம் கத்தினேன். அவன் வாளியில் தண்ணீர் மாற்றிக் கொடுத்துக்கொண்டே கேட்டான்.

"வெர்னோட பீர் எப்படி இருந்துது?"

"வெண்ணெய்! வெண்ணெயாக் கொட்டுது! அவன் ஊட்டை அடகு வெக்கப் போறான், நீ சுத்தம்னு சொன்ன!"

"நீ ஒண்ணும் சொல்லலையே."

"நீ சொன்னதுக்கப்புறம் நான் என்னத்தச் சொல்லுவேன்!"

அவன் தலையாட்டினான். என்னைக் குற்றம் சொல்லவில்லை, அப்படியா என்று கேட்டுக்கொண்டான், அவ்வளவுதான். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஏன்யா மறைச்ச? நாங்க என்ன உன்னைக் கடிச்சா தின்னுருவோம்?"

"வாரத்துல எனக்கு இருக்கறது சனிக்கெழமை ஒண்ணுதான், ட்ரூடி. நீங்கள்லாம் வாயை மூடிக்கிட்டு என்னைப் பாப்பீங்கல்ல, அந்த ஒரு நிமிஷம். மூக்கு இல்லைன்னா நான் கார்பெட் விக்கறவன். கார்பெட் விக்கறவனை எதுக்குக் கூப்புடுவீங்க?"

கார்பெட் விலை சொல்கிற அதே குரலில்தான் இதையும் சொன்னான்.

"பைத்தியமாய்யா நீ? நாங்க என்ன மூக்குக்கா நாற்காலி போட்டோம்?" என்றேன். சொன்ன கையோடு அது முழு உண்மை இல்லை என்று எனக்கே தோன்றிவிட்டது. அவனுக்கும் தோன்றியிருக்க வேண்டும், வாளியை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரைக் கொட்டினான்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா? வியாழக்கிழமைக்குள்ள சொல்லணும்."

"நானே சொல்றேன்," என்றான்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் எல்லோரையும் என் கராஜுக்கு வரச் சொன்னேன். சனிக்கிழமை தவிர வேறு நாளில் நாங்கள் கூடியதே கிடையாது. யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து வந்தார்கள். வெர்ன் தொழிற்சாலை உடுப்போடு வந்தான். நெல்டா கையில் பாங்க் காகிதங்களோடு ஒரு உறை, வழியில் வாங்கி வந்திருந்தாள்.

லைல் நின்றுகொண்டே சொன்னான். சுற்றி வளைக்கவில்லை. "எனக்கு ஜனவரியிலேர்ந்து வாசனை தெரியாது. ஒண்ணுமே தெரியாது. நான் சொன்னதெல்லாம் ஞாபகத்துல இருந்து சொன்னேன். வெர்ன், உன் பீரை நான் மோந்தே பாக்கலை. அதாவது மோந்தேன், ஒண்ணும் வரலை."

வெர்ன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"அப்ப என் பீரு?"

"எனக்குத் தெரியாது. இவங்களக் கேளு."

வெர்ன் எங்கள் பக்கம் திரும்பினான். முதலில் வாய் திறந்தவள் நெல்டா. உறையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "வெண்ணெய் இருந்துச்சு, வெர்ன்," என்றாள்.

"ஒனக்குமா தெரிஞ்சுது?"

"மொத மடக்குலயே. லைல் சுத்தம்னு சொன்னான். சரி, எனக்குத்தான் புளிப்புக் குடிச்சுக் குடிச்சு நாக்கு போயிருச்சுன்னு நெனைச்சேன்."

"நான் என் புதுப் பல்செட்டுன்னு நெனைச்சேன்," என்றான் ரெஜி தரையைப் பார்த்து.

"நான் சீஸ் ரொட்டின்னு," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. வெர்னின் கழுத்து சிவந்தது. லைல் மேல் பாய்வான் என்று நான் இடையில் போய் நின்றேன். அவன் லைலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மூணு நாக்கு!" என்று எங்களைப் பார்த்துக் கத்தினான். "மூணு நல்ல நாக்கு இங்க உக்காந்துக்கிட்டு இருந்துச்சு! எனக்குத் தெரியாதுன்னு ஊருக்கே தெரியும், உங்களுக்குமா தெரியலை? நெல்டா, நீ எங்கூடப் படுத்து எந்திரிக்கறவ! கையெழுத்துப் போட இருந்தியேடி!"

"லைல் சொன்னா சரியா இருக்கும்னுதான..."

"லைல் சொன்னா! லைல் சொன்னா! நீங்க சாவப் போறீங்கன்னு அவன் சொன்னா செத்துருவீங்களா?"

கதவை அறைந்துவிட்டுப் போனான். நெல்டா அழுதுகொண்டே பின்னால் போனாள். அடமானம் நின்றது. வெர்ன் வேலையை விடவில்லை. இன்றுவரை அதே இயந்திரத்தில்தான் நிற்கிறான், கடைப் பேச்சை மட்டும் யாரும் எடுப்பதில்லை.

லைல் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். ரெஜியோ நானோ கிட்டப் போய் அவன் தோளில் கையை வைத்திருக்கலாம். ஏனோ இருவரும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. "வர்றேன்," என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் வரவில்லை. ஃபோன் செய்தால் எடுப்பான், நன்றாக இருக்கிறேன் என்பான், வைத்துவிடுவான். கோபித்துக்கொண்டான் என்றால் சமாதானம் செய்யலாம். கோபமும் இல்லை. ஜூலையில் ஒரு சனிக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. காரை அவன் வீட்டு வாசலில் நிறுத்தி ஹார்னை அமுக்கினேன், கையை எடுக்கவே இல்லை. அக்கம்பக்கமெல்லாம் எட்டிப் பார்த்த பிறகு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வந்து ஏறினான்.

"நான் என்ன பண்ணுவேன் அங்க?" என்றான்.

"குடி. உக்காரு. மத்தவங்க என்ன பண்றாங்க?"

அன்று வெர்ன் மறுபடி காய்ச்சிய லாகர். இந்தத் தடவை பொறுமையாகச் சூட்டில் விட்டுத்தான் குளிரில் வைத்தானாம். கடைக்காக இல்லை, சும்மா. லைல் உள்ளே வந்ததும் எல்லோரும் அளவுக்கு மிஞ்சி நன்றாகப் பேசினார்கள். ரெஜி அவன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நெல்டா வறுத்த கடலையை அவன் பக்கம் நகர்த்தினாள். வெர்ன், "என்ன லைல், இளைச்சுட்ட," என்றான். உண்மையான நல்ல மனசுதான் எல்லாம்.

வெர்ன் ஊற்றினான். எல்லோர் கையிலும் கிளாஸ் வந்தது. வெர்ன் தலையை நிமிர்த்தினான், இத்தனை வருஷப் பழக்கம், கண் நேராக லைலிடம் போனது. போன வேகத்தில் திரும்பிவிட்டது.

"ரெஜி, நீ சொல்லு," என்றான்.

ரெஜி சொன்னான். நெல்டா குறுக்கே விழுந்தாள். நான் இரண்டு பேரையும் அடக்கிவிட்டு என் பங்குக்குக் கத்தினேன். வெண்ணெய் துளிகூட இல்லை, சுட்ட ரொட்டியின் மேல்தோல், அடியில் கொஞ்சம் வைக்கோல். வைக்கோல் இல்லை, தேன் என்றாள் நெல்டா. உன் தலை என்றான் ரெஜி. வெர்ன் குழந்தை மாதிரி எங்கள் வாயையே மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். பல வருஷமாக அந்தக் கராஜில் இவ்வளவு நல்ல சண்டை நடந்ததில்லை. நாங்கள் நான்கு பேரும் சந்தோஷமாக இருந்தோம். லைல் தன் கிளாஸைக் குடித்து முடித்துக் கீழே வைத்தான், கடலை தின்றான், பேசுகிறவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினான்.

திரும்பும்போது நான்தான் கொண்டுபோய் விட்டேன். வெயில் இன்னும் இருந்தது. ஏரிக்கரைச் சாலையில் ஐஸ்கிரீம் கடை முன்னால் கூட்டம், மெதுவாகத்தான் போக முடிந்தது.

"வெர்ன் என்னைப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டான், பாத்தியா?" என்றான்.

"பாத்தேன். வேணும்னு செய்யலைப்பா. உனக்குச் சங்கடமா இருக்கும்னுதான்..."

"தெரியும். நல்ல பையன் அவன்." ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டான். "இது ஒண்ணு நடந்துரக் கூடாதுன்னுதான் ட்ரூடி அவ்ளோ பொய் சொன்னேன். அவன் ஊடு போனாலும் போகட்டும்னு இருந்தேன்ல. இப்ப நடந்துருச்சு. ரொம்ப வலிக்கும்னு நெனைச்சேன். நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்கள்ல, அவ்ளோ நேரமும் வரும் வரும்னு காத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"எது வரும்னு?"

"வலி. வரலை."

என்னால் வண்டியை ஓட்ட முடியவில்லை. கடையைத் தாண்டி ஓரமாக நிறுத்தினேன். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன். லைல் முன்னால் இருந்த பெட்டியைத் திறந்து காகிதக் கைக்குட்டையைத் தேடி எடுத்து என் பக்கம் நீட்டினான்.

"ஏன் அழற?" என்று கேட்டான். குத்திக்காட்டவில்லை, ஆறுதலுக்காகவும் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டான்.